பழைய மரச்சாமான்: முதலில் கவிழ்த்துப் பாருங்கள்

வாசகர் கேள்வி - பதில்

செட்டிநாட்டு வீட்டு ஊஞ்சல் பலகையைப் பற்றி இந்தப் பகுதியில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய மேசை, நாற்காலி, பெட்டி, கட்டில் பற்றியவைதான். காரைக்குடிப் பக்கம் பழைய மரச்சாமான்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் வளர்ந்து, இன்றும் அதே வேலையைச் செய்பவன் நான். இவற்றுக்குப் பதில் எழுதுவதைவிட எனக்குப் பிடித்த வேலை கிடையாது. இந்த இதழ் முழுக்க அதற்கே.

என் மாமனார் வீட்டிலிருந்து ஒரு வட்ட மேசையும், மூன்று இழுப்பறை உள்ள எழுதுமேசை ஒன்றும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கின்றன. நூறு வருஷத்துக்கு மேல் ஆனவை என்கிறார்கள். நாமே சோதித்துப் பார்க்க முடியுமா?
- வாசகி, திருச்சி

தாராளமாக முடியும் அம்மா. மேலே தெரிகிற மெருகையும் செதுக்கலையும் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முகப்பை யார் வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், பழசாக்கவும் செய்யலாம். அடிப்பக்கத்தைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. அதனால் உண்மை அங்கேயே தங்கிவிடும்.

ஒரு இழுப்பறையை முழுசாக வெளியே எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். முன்பலகையும் பக்கப்பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று கோத்த நாக்குகள் தெரியும்; பட்டறையில் இதை டவ்டெயில் என்போம். கையால் வெட்டியதென்றால் ஒரு நாக்கு சற்று அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் இருக்கும். வெட்டுவதற்கு முன் ஆசாரி கூரான முனையால் கீறிய அளவுக்கோடு இன்னும் அழியாமல் நிற்கும். மெஷினில் வெட்டியதென்றால் எல்லா நாக்கும் சீப்புப் பல் மாதிரி ஒரே அளவு.

அப்புறம் அடிப்பலகை. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, உள்ளங்கையால் தடவுங்கள். கையால் இழைத்த பலகையில் இழைப்புளி போன பாதை லேசான பள்ளமும் மேடுமாகக் கைக்குத் தட்டுப்படும். ரம்பத் தடம் நேர்க்கோடுகளாக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் கோணலாக இருந்தால் கைரம்பம். வில்லாக வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம். வட்ட ரம்பம் 19-ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. ஆகவே வளைந்த தடம் இருப்பதாலேயே புதுசு என்று தள்ளிவிட வேண்டாம். அதற்கு முந்தையது என்று யாராவது சொன்னால் மட்டும் நம்ப வேண்டாம்.

திருகாணிகளைப் பாருங்கள். முனை கூரான திருகாணி 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதற்கு முந்தையது மொட்டை முனை. தலையில் உள்ள வெட்டும் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும். தலையில் கூட்டல் குறி வெட்டு இருந்தால் அந்தத் திருகாணி 1930-களுக்குப் பிந்தையது. ஆனால் திருகாணி புதுசு என்பதால் மேசையும் புதுசு ஆகிவிடாது. பக்கத்திலேயே அடைத்த பழைய துளை இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் யாரோ பின்னாளில் பழுது பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் வட்ட மேசைக்கு எனக்கு மிகவும் பிடித்த ஒரு சோதனை உண்டு. டேப்பை எடுத்து, மரத்தின் ரேகை ஓடும் திசையில் ஒரு அளவு, அதற்குக் குறுக்கே ஒரு அளவு எடுங்கள். மரம் காலப்போக்கில் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும். நீளவாக்கில் சுருங்குவது இல்லை என்றே சொல்லலாம். ஆகவே திடமான பலகையால் செய்த பழைய வட்ட மேசை இன்று சரியான வட்டமாக இருக்காது. குறுக்களவு சில மில்லிமீட்டராவது குறைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது, டேப்புக்குத் தெரியும்.

கடைசியாகத் தேய்மானம். கால் வைக்கும் குறுக்குக் கட்டையின் மேல்விளிம்பு, கை படுகிற நாற்காலிப் பிடியின் நுனி, இழுப்பறை உரசி ஓடும் தடம் ஆகிய இடங்கள் தேய்ந்திருக்க வேண்டும். எல்லா மூலையும் ஒரே மாதிரி மழுங்கியிருந்தால் உப்புத்தாள் போட்டுப் பழசாக்கியிருக்கிறார்கள். மேற்பலகையும் கால்களும் வேறு வேறு மேசையிலிருந்து எடுத்து ஒட்டியவை என்றால், அடியில் எதற்கும் பொருந்தாத துளைகள் அநாதையாக நிற்கும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். நாலைந்து அடையாளம் ஒரே பக்கம் பேசினால் நம்பலாம்.

பர்மா தேக்கு என்றுதான் எல்லாக் கடையிலும் சொல்கிறார்கள். உண்மையிலேயே பர்மாவிலிருந்து வந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?
- வாசகர், மதுரை

உறுதியாகச் சொல்ல முடியாது. பர்மாவில் வளர்ந்ததும் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்ததும் ஒரே இனத் தேக்கு. மலபாரில் கலெக்டராக இருந்த கொனோலி 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டமே போட்டார். அதுவும் நல்ல மரம்தான். வித்தியாசம் மரம் எவ்வளவு மெதுவாக வளர்ந்தது என்பதில் இருக்கிறது. காட்டில் மெதுவாக முற்றிய மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும், வைரம் என்கிற முற்றிய நடுமரம் அதிகம், ஓரத்து வெள்ளை மரம் குறைவு. இப்போது சீக்கிரம் வெட்டுகிற தோட்டத்துத் தேக்கில் வளையங்கள் அகன்று, வெள்ளை மரம் நிறைய இருக்கும்.

செட்டிநாட்டு வீடுகளுக்கு பர்மாத் தேக்கு வந்தது உண்மை. கீழ் பர்மா 1852-ல் ஆங்கிலேயர் கைக்குப் போன பிறகு செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் அங்கே வட்டித்தொழிலில் பெரிதாக வளர்ந்தார்கள். ரங்கூனிலிருந்தும் மோல்மேனிலிருந்தும் தேக்கு கப்பலேறியது. வீடு கட்ட வந்த அதே மரத்தில்தான் பெட்டியும் கட்டிலும் செய்தார்கள். ஆகவே ஊர், வீடு தெரிந்த சாமான் என்றால் பர்மாத் தேக்கு என்று நம்ப வாய்ப்பு அதிகம். கடையில் ஊர் பேர் தெரியாமல் நிற்கிற பொருளுக்கு அந்தப் பெயரை நம்பி மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். வளையம், வைரம், மூட்டு இவற்றைப் பார்த்துக் கொடுங்கள்.

தாத்தா வாங்கிய நாற்காலிகள் எங்களிடம் இருக்கின்றன. கால்கள் வளைந்து, நுனியில் உருண்டையைப் பற்றிய நகம் மாதிரி செதுக்கியிருக்கிறது. முதுகில் தாமரையும் கிளியும். 'இதெல்லாம் வெள்ளைக்காரன் டிசைன், நம்ம மரபு இல்லை' என்கிறார் என் நண்பர். அவர் சொல்வது சரியா?
- வாசகர், சென்னை

உங்கள் நண்பருக்கு ஒரு சம்பவம் சொல்லுங்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் என்று ஒரு எழுத்தாளர் இருந்தார். லண்டன் பக்கத்தில் ஸ்ட்ராபெரி ஹில் என்ற தம் மாளிகைக்குக் கருங்காலி நாற்காலிகளைத் தேடித் தேடி வாங்கினார். உடம்பெல்லாம் அடர்த்தியான செதுக்கல், முறுக்கிக் கடைந்த தூண்கள். அவை 16-ஆம் நூற்றாண்டு ட்யூடர் மன்னர்கள் காலத்து ஆங்கிலேய நாற்காலிகள் என்று அவர் உறுதியாக நம்பினார். அவரைப் பார்த்து மற்ற பிரபுக்களும் வாங்கினார்கள். பின்னால்தான் தெரிந்தது: அவையெல்லாம் 17-ஆம் நூற்றாண்டில் நம் சோழமண்டலக் கரையில், ஐரோப்பிய வணிகர்களுக்காக உள்ளூர்த் தச்சர்கள் செய்து கொடுத்தவை. இங்கிலாந்தின் பழம்பெருமை என்று அவர்கள் கொண்டாடியது நம் கரையில் உளி பிடித்தவர்களின் வேலை. இதைப் படித்த நாளிலிருந்து, யார் டிசைன் என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்கிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பிரம்பு பின்னிய இருக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய நாற்காலி என்றாலே பலருக்கு அதுதான் ஞாபகம் வரும். ஆனால் பிரம்பு வளர்வது கிழக்கு நாடுகளின் காட்டில். 17-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனிகளின் கப்பலில்தான் பிரம்புப் பின்னல் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே நாகரிகமாகி, ஆங்கிலேய நாற்காலியோடு மறுபடி இங்கே வந்து இறங்கியது.

உருண்டையைப் பற்றிய நகம் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய நாற்காலிகளில் பரவலாக இருந்தது உண்மைதான். லண்டன் தச்சர் தாமஸ் சிப்பண்டேல் 1754-ல் மரச்சாமான் மாதிரிகளுக்கென்றே ஒரு படப் புத்தகம் வெளியிட்டார். அந்த மாதிரிப் படங்களும் நாற்காலிகளும் கடல் தாண்டி எங்கெங்கோ போயின. ஆனால் அந்த நகமே சீனத்து டிராகன் முத்தைப் பற்றியிருக்கும் உருவத்திலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. சரி, அது நம் ஆசாரி கையில் என்ன ஆனது? உங்கள் நாற்காலியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். நகத்துக்கு மேலே முழங்கால் மாதிரி புடைத்த இடத்தில் ஆங்கிலேய நாற்காலியில் இலைக்கொத்து இருக்கும். இங்கே பல நாற்காலிகளில் அந்த இடத்தில் யாளி முகம் இருக்கிறது. கால் முழுவதும் யாளியின் கால், நகம் யாளியின் நகம். ஆங்கிலேய நாற்காலியில் சிப்பி உருவம் செதுக்குகிற முதுகின் உச்சியில், இங்கே தாமரை. தேர்ச் சிற்பமும் கோயில் கதவும் செதுக்கிய குடும்பத்து ஆட்களிடம் நாற்காலியைக் கொடுத்தால் வேறு என்ன வரும்? இருக்கையின் அகலத்தையும் அளந்து பாருங்கள். இங்கே செய்த நாற்காலிகள் பலவற்றில் காலை மேலே மடித்து சம்மணம் போட்டு உட்கார இடம் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வீட்டில் மரச்சாமான் இரண்டு உயரத்தில் இருந்தது. முகப்பில் வருகிறவர்களுக்காக உயரமான நாற்காலி, சோபா, நிலைக்கண்ணாடி, பெல்ஜியம் கண்ணாடி. உள்ளே முற்றத்தைச் சுற்றிய வளவுக்குப் போனால் வாழ்க்கை தரையோடு தரையாக நடந்தது. கணக்குப்பிள்ளை சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதும் சாய்வு மேசை முழங்கால் உயரம்கூட இராது. மூடியைத் திறந்தால் மைக்கூட்டுக்கும் எழுதுகோலுக்கும் சின்னச் சின்ன அறைகள். கல்லாப்பெட்டியும் அப்படித்தான். பெண்களுக்குச் சீராக வந்த பெட்டிகளில் பித்தளைப் பட்டை, பித்தளைக் குமிழ், உள்ளே நகைக்கென்று ஒரு சிறு அறை. ஊஞ்சல் பலகை ஒன்றுதான் இரண்டு உலகத்துக்கும் நடுவில் தொங்கியது. நம் மரபு என்று எதையாவது தேடினால், முகப்பு நாற்காலியோடு நிற்காமல் இந்தத் தாழ்ந்த சாமான்களையும் பாருங்கள். கடைக்காரர்கள் இவற்றை அதிகம் மதிப்பதில்லை. எனக்கு நாற்காலியைவிட இவை மேல்.

நூல் ஆதாரம் வேண்டுமென்றால், மயமதம் என்ற பழைய சிற்ப நூலில் கட்டிலுக்கும் ஆசனத்துக்கும் தனி அத்தியாயமே இருக்கிறது. உட்காருவது எப்படி, அளவு என்ன என்பதெல்லாம் வெள்ளைக்காரன் வந்துதான் நமக்குத் தெரிய வேண்டும் என்று இருக்கவில்லை. அதே சமயம், வந்ததை வாங்கித் தன் கைக்குப் பழக்கிக்கொள்ள நம் ஆசாரிகள் தயங்கவும் இல்லை. 1930, 40-களில் ஆர்ட் டெக்கோ பாணி வந்தபோது அதே பட்டறைகள் வளைந்த மூலையும் படிப்படியான விளிம்பும் உள்ள அலமாரிகளைச் செய்தன. அதுவும் நம்முடையதுதான்.

ஈட்டி மர சோபா ஒன்று கறுத்துப் போயிருக்கிறது. மெஷினில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பி.யு. (பாலியூரித்தேன்) பாலிஷ் அடித்தால் புதுசாகிவிடும் என்கிறார் பாலிஷ்காரர். செய்யலாமா?
- வாசகி, கோயம்புத்தூர்

வேண்டாம் அம்மா. கெஞ்சிக் கேட்கிறேன், மெஷினை அந்த சோபாவின் பக்கத்தில் கொண்டுபோக விடாதீர்கள்.

கறுப்பு என்று நீங்கள் சொல்வதில் பாதி அழுக்கு. மீதி, வெயிலும் காற்றும் கையும் பட்டு வந்த நிறம். அந்த நிறம் மரத்தின் மேல்தோலில்தான் இருக்கிறது. உப்புத்தாள் முதலில் எடுப்பது அதைத்தான். அடுத்தது செதுக்கல். பழைய வேலையில் கிளியின் கண் என்பது உளியின் முனை ஒரே தட்டில் உண்டாக்கிய சின்னப் பள்ளம். இதழுக்கும் இதழுக்கும் நடுவில் ஒரு கத்தி விளிம்பு இருக்கும். வெளிச்சம் அதில் பட்டுத்தான் தாமரை தாமரையாகத் தெரிகிறது. மெஷின் ஒரு தடவை போனால் அந்த விளிம்பு மழுங்கிவிடும். மறுபடி அதைக் கொண்டுவர யாராலும் முடியாது.

முதலில் இருக்கிற மெருகு என்ன என்று கண்டுபிடியுங்கள். சோபாவின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பஞ்சில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு ஒற்றி எடுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அரக்கு மெருகு. ஒன்றும் ஆகவில்லை என்றால் பின்னாளில் யாரோ வார்னிஷோ வேறு ஏதோ அடித்திருக்கிறார்கள்.

அரக்கு மெருகுதான் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அதனால் பழைய மெருகைச் சுரண்டாமலேயே அதன் மேல் புதுப் பூச்சு ஏற்றலாம். பழசும் புதுசும் கரைந்து ஒன்றாகிவிடும். முதலில் மென்மையான துணியில் டர்பன்டைன் தொட்டு, ஒரு மூலையில் சோதித்துவிட்டு, அழுக்கை எடுங்கள். துணி எவ்வளவு கறுப்பாகிறது என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். பல சோபாக்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும். இன்னும் வேண்டும் என்றால் கைமெருகு தெரிந்த ஆளைத் தேடுங்கள். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, அரக்குக் கரைசலில் நனைத்து, எட்டு வடிவத்தில் தேய்த்துக்கொண்டே போவார். கை நடுவில் நின்றால் அந்த இடம் ஒட்டிக்கொண்டு தழும்பாகிவிடும். அதனால் கை நிற்கவே கூடாது. மெல்லிய பூச்சு, காயவிடுவது, மறுபடி பூச்சு. நாள் எடுக்கும். கூலியும் கூடத்தான். ஆனால் பின்னாளில் ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியும். பி.யு. பூச்சு உரிய ஆரம்பித்தால் மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆக வேண்டும்.

அரக்குக்கு ஒரு பலவீனம் உண்டு, மறைக்கவில்லை: சூடும் ஈரமும் ஆகாது. தினமும் சாப்பிடுகிற மேசை, மேற்பலகை ஏற்கெனவே பாழாகிவிட்டது என்றால், மேற்பலகைக்கு மட்டும் பி.யு. போட்டுக்கொள்ளுங்கள். கால்களையும் செதுக்கலையும் தொட வேண்டாம்.

ஆளி விதை எண்ணெய் தடவலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். அடிக்கடி தடவினால் மரம் மேலும் கறுக்கும், தூசியும் ஒட்டும். அதைவிட முக்கியம்: அந்த எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத்தான் எறிய வேண்டும்.

பித்தளைக் குமிழ்களைப் புளி போட்டு விளக்க வேண்டாம். புளிச்சாறு பித்தளைக்கு அடியில் இறங்கி மரத்தில் கறை விடும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும்.

கட்டிலுக்கு அடியில் தினமும் மாவு மாதிரி கொட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்கிறார்கள்.
- வாசகர், தஞ்சாவூர்

மாவு கொட்டினால் அது கரையான் இல்லை, மரத்தைத் துளைக்கும் வண்டு. கரையான் மண்பாதை கட்டிக்கொண்டு சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ ஏறும். தட்டினால் உள்ளே வெற்றிடச் சத்தம் கேட்கும். வண்டு வைத்த துளை ஊசியால் குத்தியது போல் வட்டமாக இருக்கும்.

துளை பழசா புதுசா என்று முதலில் பாருங்கள். மாவைத் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து ஒரு வாரம் விடுங்கள். தட்டவோ நகர்த்தவோ கூடாது. காகிதத்தில் வெளிர் மாவு விழுந்தால் உள்ளே உயிரோடு இருக்கிறது. விழவில்லை என்றால் பழைய துளைதான், பயப்பட வேண்டாம். மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும், கறை விடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. மர வண்டுக்கென்று விற்கிற மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு துளையிலும் செலுத்தி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வையுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அதுவரை மற்ற சாமான்களிலிருந்து கட்டிலைத் தள்ளி வைக்கவும்.

தேக்கின் வைரத்தை இந்தப் பூச்சிகள் பெரும்பாலும் தொடாது. ஓரத்து வெள்ளை மரத்தையும், மறைவில் சிக்கனத்துக்காகப் போட்ட மட்டமான பலகையையும்தான் தின்னும். எந்தக் கட்டை உளுத்திருக்கிறது என்று பார்த்து அதை மட்டும் மாற்றினால் கட்டில் தப்பித்துவிடும்.

பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலி தொய்ந்துவிட்டது. புதுசாகப் பின்ன வேண்டுமா?
- வாசகி, புதுக்கோட்டை

ஒரு இழைகூட அறாமல் தொய்வு மட்டும் இருந்தால் பின்ன வேண்டியதில்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்பக்கத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்குங்கள். மேல்பக்கம் பளபளப்பான தோல், அதில் தண்ணீர் இறங்காது, அடிப்பக்கம்தான் குடிக்கும். நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள், யாரும் உட்காரக் கூடாது. காய்கிறபோது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். காய்ந்தபின் விரலால் தட்டிப் பாருங்கள், விறைப்பு தெரியும்.

இழை அறுந்திருந்தால் கையால் பின்னுகிறவரிடம்தான் போக வேண்டும். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளை போட்டிருந்தால் அது கைப்பின்னல்: நீளவாக்கில், குறுக்குவாக்கில், பிறகு இரண்டு மூலைவாக்கில் என்று ஆறு சுற்று ஓட்டினால் அந்த எட்டு மூலைக் கண்ணி வரும். துளைக்குப் பதிலாகச் சுற்றிலும் நீளமான பள்ளமாக ஒரு காடி மட்டும் இருந்தால் மெஷினில் நெய்த பிரம்புத் தடுக்கை அழுத்தி ஒட்டியது. அதை மாற்றுவது சுலபம். பிளாஸ்டிக் நாடா போடச் சொல்வார்கள். துளை உள்ள பழைய சட்டத்துக்கு அது வேண்டாம்.

பாட்டியின் ஈட்டி மரப் பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவர ஆசை. ஏதாவது தடை உண்டா?
- வாசகி, சிங்கப்பூர்

இரண்டு சட்டங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, 1972-ஆம் வருடத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷச் சட்டம். நூறு வருஷத்துக்குக் குறையாத கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பெட்டி நூறு வருஷத்துக்கு உட்பட்டது என்றால், இந்தியத் தொல்லியல் துறையிடம் தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சுங்கத்தில் கேட்பார்கள்.

இரண்டாவது, மரம். ஈட்டி இனங்கள் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. 10 கிலோவுக்கு உட்பட்ட முடித்த பொருளுக்கு விலக்கு உண்டு. சீர்ப்பெட்டி அந்த எடையில் அடங்காது. அனுமதிச் சான்று வாங்கியாக வேண்டும்.

பெட்டியில் வெள்ளையாக ஏதாவது பதித்திருந்தால் எலும்பா, தந்தமா என்று தெரிந்தவரிடம் காட்டுங்கள். விசாகப்பட்டினத்தில் தந்தம் பதித்த பெட்டிகள் நிறையச் செய்தார்கள். தந்தமென்றால் அதை விற்கவோ வாங்கவோ சட்டம் இடம் தராது. இத்தனை சிரமம் வேண்டாம் என்று தோன்றினால், ஊரிலேயே இருக்கிற உறவினர் வீட்டில் அந்தப் பெட்டி புழக்கத்தில் இருக்கட்டும். பாட்டிக்கும் அது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பங்காளிகள் சேர்ந்து பூர்வீக வீட்டுச் சாமான்களை விற்கலாம் என்கிறார்கள். நிலைக்கதவைக்கூடக் கேட்கிறார் ஒரு வியாபாரி. உங்கள் கருத்து?
- வாசகர், சிவகங்கை மாவட்டம்

கஷ்டம் தெரிகிறது. பெரிய வீட்டை ஓடு மாற்றி, மழைநீர் இறங்காமல் வைத்துக்கொள்வது லேசான செலவு இல்லை. பர்மாவில் ஜப்பான்காரன் நுழைந்தபோதும், 1960-களில் அங்கே எல்லாம் அரசுடைமை ஆனபோதும், பல வீடுகளின் வருமானமே நின்றுபோனது. அதற்குப் பிறகுதான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் நிரம்பின. விற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் நிலைக்கதவை மட்டும் தயவுசெய்து பெயர்க்காதீர்கள். நிலையில் கஜலட்சுமி செதுக்கிய அந்த வேலை அந்தச் சுவருக்கு, அந்த வாசல் வெளிச்சத்துக்கு என்று அளந்து செய்தது. வெளியே போனால் அதன் மேல் கண்ணாடி போட்டு டீப்பாய் ஆக்குவார்கள். நான் பார்த்திருக்கிறேன், பார்க்க முடியவில்லை.

மற்ற சாமான்களை விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால், எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வொன்றும் வீட்டின் எந்தப் பகுதியில், எந்த அறையில் இருந்தது என்று போட்டோ எடுங்கள். யார் கல்யாணத்துக்கு வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஜோடிகளைப் பிரிக்காதீர்கள். ஊஞ்சல் பலகையோடு அதன் பித்தளைச் சங்கிலியும் போக வேண்டும். விற்பதற்கு முன் பாலிஷ் போடவே கூடாது. தெரிந்த ஆள் பழைய மெருகுக்குத்தான் அதிகம் கொடுப்பார். ஒரே வியாபாரி சொன்ன விலையோடு நிறுத்தாமல் இன்னும் இருவரிடமாவது கேளுங்கள். பங்காளிகளில் ஒருவருக்கு அந்தக் கணக்குப்பிள்ளை மேசையைத் தரச் சொல்லுங்கள். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது, வீட்டில் இருந்தால் பிள்ளைகள் எழுதுவார்கள்.

வீடும் சாமானும் ஒன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினால், சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய செட்டிநாட்டு வீடு ஒன்று அங்கே உண்டு.

மகனுக்கு மரவேலையில் ஆர்வம். எங்கே கற்கலாம்?
- வாசகர், நாமக்கல்

உங்கள் ஊருக்குப் பக்கமே பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூரில் மரச்சிற்ப வேலை நடக்கிறது; 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். ஒரு விடுமுறையில் அழைத்துப் போய்ப் பட்டறையில் உட்கார வையுங்கள். படிப்பாக வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் உளியைத் தீட்டுவதை முதலில் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். முனை மழுங்கிய உளியோடு போராடித்தான் பல பிள்ளைகள் இந்த வேலையை வெறுக்கிறார்கள்.

மழைக்காலத்தில் மட்டும் அலமாரி இழுப்பறை இறுகிக்கொள்கிறது. ஓரத்தை இழைத்துவிடலாமா?
- வாசகி, நாகப்பட்டினம்

இழைக்காதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. வெயில் காலத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். இப்போது இழைத்தால் அப்போது ஆடும். இழுப்பறையை வெளியே எடுத்து, உரசும் விளிம்பிலும் உள்ளே ஓடும் தடத்திலும் வெள்ளை மெழுகுவர்த்தியை நன்றாகத் தேயுங்கள். எண்ணெய் விட வேண்டாம், மரம் இன்னும் உப்பும். மெழுகு தேய்த்தும் நகரவில்லை என்றால் தை மாதம் வரை அதைத் திறந்தே வைத்திருங்கள்.